கலங்கல் ஓரத்தில் ஒரு வெடி

கோமளா,

உன் கடிதம் வந்து ஒன்பது நாளாகிறது. பள்ளிக்கூடத்தில் இருந்தபோது பரீட்சைத் தாள்களைக்கூட இத்தனை நாள் நான் திருத்தாமல் வைத்ததில்லை. இந்தப் பதிலை மூன்று முறை எழுதத் தொடங்கினேன். முதல் முறை உன் உடல்நலம் விசாரித்து, இங்கே மழை பெய்ததைச் சொல்லி முடித்துவிட்டேன். இரண்டாம் முறை முழுக்க அறிவுரையாக எழுதினேன். படித்துப் பார்த்தபோது, வீட்டுப்பாடம் செய்யாத பையன் பக்கத்துப் பையனுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பதுபோல இருந்தது. கிழித்துப் போட்டேன். இது மூன்றாவது. இதையும் கிழிக்காமல் இருக்க, எழுத எழுதத் தாள்களை உன் அம்மாவிடம் கொடுத்துவிடுகிறேன்.

தெற்கே கடலோரத்தில், பறவைகள் கூடு கட்டும் ஓர் ஏரிக்கரையில் உங்கள் சுற்றுலாத் துறை பயணிகள் விடுதியும் படகுத்துறையும் அமைக்கப் போகிறது என்றும், அதைப் பொறுப்பேற்று நடத்த உன்னை அனுப்புகிறார்கள் என்றும், நீ மறுத்துவிடப் போகிறாய் என்றும் எழுதியிருக்கிறாய். மாதக் கடைசிக்குள் அலுவலகத்துக்குப் பதில் சொல்ல வேண்டும் என்கிறாய். மறுப்பதற்கு நீ சொல்லும் காரணம்தான் என்னை ஒன்பது நாள் உட்காரவைத்தது. "ஒன்பது வயதில் ஓர் ஏரியைக் காலி பண்ணியவள் நான். தவறு செய்தவர்களை ஏரி வாரியத்தில் வைக்கக் கூடாது என்று நீங்கள்தானே நைனா கல்வெட்டைப் படித்துக் காட்டினீர்கள்?" என்று எழுதியிருக்கிறாய். படித்துக் காட்டியது உண்மைதான். உத்திரமேரூர்க் கோயில் சுவரில் அந்த எழுத்துகளின் மேல் விரலை வைத்து, உனக்கும் சொன்னேன், எத்தனையோ பேருக்கும் சொன்னேன். அந்த எத்தனையோ பேரில்தான் இந்தக் கதை தொடங்குகிறது.

நீ நான்காம் வகுப்பில் இருந்த ஆண்டு அது. குடவோலைக் கல்வெட்டைப் பார்க்க மெட்ராஸிலிருந்து வேனில் வெளிநாட்டுக்காரர்கள் வர ஆரம்பித்திருந்தார்கள். இங்கிலீஷில் விளக்கிச் சொல்ல ஆள் வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இந்த ஊரில் ஏரிக்கென்று தனியாக ஒரு வாரியம் இருந்தது, ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டு ஆளைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று நான் சொல்லும்போது அவர்கள் வாயைப் பிளந்து கேட்பார்கள். ஒரு கிராமத்து வாத்தியாருக்கு அது எவ்வளவு பெரிய போதை என்று இப்போது தெரிகிறது. ஒரு நாள் ஒரு அம்மாள், வேறென்ன பார்க்கலாம் இங்கே என்று கேட்டார். நான் யோசிக்கவே இல்லை. நாலு மைல் தள்ளி இருக்கும் நம் ஊர் ஏரிக்கு அவர்களைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஏரிக்குள் நீர்க்கடம்ப மரங்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டிருக்க, ஒவ்வொரு கிளையிலும் நாரையும் கொக்கும் வக்காவும் கூடு வைத்திருக்கும். அந்த எச்சம் கலந்த தண்ணீர் பாய்ந்தால் வயலுக்கு வேறு உரம் வேண்டாம். அதனால்தானோ என்னவோ, நம் ஊரில் ஒரு கட்டுப்பாடு இருந்தது. பறவை வந்து இறங்கிய நாளிலிருந்து குஞ்சு பறக்கும் நாள்வரை மேளம் கிடையாது, வெடி கிடையாது. தீபாவளிக்குப் பிள்ளைகள் வெடியை எடுத்துக்கொண்டு பனந்தோப்புக்கு அப்பால் போக வேண்டும். தை மாதக் கல்யாணம் என்றால் தாலி கட்டுவது சத்தமில்லாமல் நடக்கும். எங்கள் கல்யாணமும் தையில்தான். "உங்க நைனா எனக்குத் தாலி கட்டினாரா, இல்ல திருட்டுத்தனமா இட்டுக்கினு வந்தாரான்னு ஊருக்கே தெரியாது" என்று உன் அம்மா சொல்லிச் சிரிப்பாளே, அந்தக் கட்டுப்பாடு.

முதல் ஞாயிறு வந்தவர்கள் ஆறு பேர். செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, மூச்சுவிடாமல் பார்த்துவிட்டுப் போனார்கள். அடுத்தடுத்த வாரங்களில் ஒரு வேன் இரண்டானது. கரையில் டீக்கடை வந்தது. நம் பிள்ளைகள் வேனுக்குப் பின்னால் ஓடினார்கள். வந்தவர்கள் பிஸ்கட் வீசினார்கள், அதற்குக் காக்கைகள் வந்தன. வயலில் செத்த எலியைத் தேடிக்கொண்டிருந்த காக்கைகள் ஏரிக்கரையிலேயே குடியேறின. இதை அன்று முதலில் கவனித்தவர் மதகைத் திறந்து மூடும் நீர்க்கட்டி முனுசாமிதான். ஒரு திங்கட்கிழமை நான் பள்ளிக்குப் போகும் வழியில் என் சைக்கிளை மறித்து நிறுத்தினார்.

"இன்னா வாத்தியாரே, இதுங்க குருவி பாக்க வருதா, நாஷ்டா துன்ன வருதா? கரை பூரா காயிதம். போன வாரம் ஒருத்தன் தண்ணிலயே எறங்கிட்டான். மரத்தாண்ட போய் போட்டா புடிக்கிறானாம்."

"நாலு பேரு வந்தாத்தான் முனுசாமி ஊரு பேரு வெளிய தெரியும். ரோடு வரும்."

"ரோடு வரும், சரி. குருவி வருமா?"

நான் சிரித்தேன். பக்கத்தில் நின்ற டீக்கடைக்காரரும் சிரித்தார். "குருவிக்கு இன்னா நைனா, பாஸ்போர்ட்டா கீது, கோச்சிக்கினு வேற நாட்டுக்குப் போவ?" என்றார். முனுசாமி சிரிக்கவில்லை.

ரோடு என்று நான் சொன்னது சாக்கு அல்ல. மழைக்காலத்தில் நம் வண்டிப்பாதை எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். ஐந்தாம் வகுப்பு முடித்த பிள்ளைகள் உத்திரமேரூருக்குப் படிக்கப் போக முடியாமல் ஆடு மேய்க்கப் போனார்கள். நான் எழுதாத மனு இல்லை. அப்போதுதான் பயணிகளோடு வந்த ஓர் அதிகாரி, "பேப்பர்ல, புக்ல ஊரு பேரு வரட்டும் சார், ரோடு தானா வரும்" என்றார். அதை நான் பிடித்துக்கொண்டேன். நல்ல காரியத்துக்காகச் செய்கிறோம் என்ற எண்ணம் இருக்கிறதே, அதைப்போலக் கண்ணை மறைப்பது வேறெதுவும் இல்லை அம்மா. கெட்டதைச் செய்கிறவன் பயந்து பயந்து அளவாகச் செய்கிறான்.

தை பிறந்து இரண்டாம் ஞாயிறு என்று நினைக்கிறேன். கழுத்தில் இரண்டு கேமரா மாட்டிய ஒரு மனிதர் வந்தார். படங்களைப் புத்தகமாகப் போடுகிறவர், நம் ஊர்ப் பெயரையும் அச்சிடுவதாகச் சொன்னார். சாயங்கால வெயில் மரங்களின் மேல் விழுந்திருந்தது. எல்லாக் கூட்டிலும் குஞ்சு. தாய்ப்பறவைகள் அசையாமல் உட்கார்ந்திருந்தன. அவர் வெகுநேரம் பார்த்துவிட்டு, எல்லாம் ஒரே சமயத்தில் எழுந்து பறந்தால் எப்படி இருக்கும் என்றார். கேட்டுக்கூட இல்லை, ஆசைப்பட்டார், அவ்வளவுதான். வேன் டிரைவர் என் காதில், "ஒரு சவுண்ட் குடுத்தா போதும் சார், எல்லாம் எந்திரிச்சிடும்" என்றார்.

அந்தத் தீபாவளிக்கு உனக்கு அம்மை போட்டிருந்தது. வெடிக்காமல் எடுத்துவைத்த வெடிகள் என் சைக்கிள் பையில் இருந்தன. வேன் போனதும் உன்னைப் பனந்தோப்புக்குக் கூட்டிப்போய் வெடிக்க விடுவதாகச் சொல்லித்தான் அழைத்து வந்திருந்தேன். இனி நான் எழுதுவதை மெதுவாகப் படி. உன் நினைவில் இருப்பது இது இல்லை. ஆனால் நடந்தது இதுதான்.

பையிலிருந்து ஓர் ஆனைவெடியையும் வத்திப்பெட்டியையும் எடுத்து உன் கையில் கொடுத்தேன். ஏரி நிரம்பினால் தண்ணீர் வழிந்து போகும் கலங்கல், கரையின் கோடியில் இருக்கிறதல்லவா, அங்கே போய் வை என்றேன். "நீர்க்கட்டி மாமா திட்டும் நைனா" என்றாய். "நான் சொல்லிக்கிறேன், போ" என்றேன். நீ போனாய். பாதி தூரம் போய்த் திரும்பிப் பார்த்தாய். நான் கரைமேல் நின்று, போ போ என்று கை காட்டினேன். ஊருக்குத் தெரிந்த வாத்தியார் கையால் வெடி வைக்க முடியாது. பிள்ளை வைத்தால் விளையாட்டு. இந்தக் கணக்கை நான் ஒரு நொடியில் போட்டேன். அன்று யோசித்ததாகக்கூட நினைவில்லை.

வெடித்தது. ஏரி முழுவதும் ஒரே சமயத்தில் எழுந்தது. அத்தனை இறக்கைகளும் அடித்த காற்று கரையில் நின்ற எங்கள் முகத்தில் பட்டது. வந்தவர்கள் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். பிறகு காக்கைகள் இறங்கின. தாய் இல்லாத கூடுகளில் அவை நிதானமாக, பந்தியில் உட்காருவதுபோல உட்கார்ந்தன. மிரண்ட குஞ்சுகள் தண்ணீரில் விழும் சத்தம் கேட்டது. நாவல்பழம் உதிர்வதுபோல ஒன்று, இரண்டு, பிறகு தொடர்ந்து. பறவைகள் இருட்டும்வரை மேலேயே சுற்றின. சில இறங்கின. பல இறங்கவில்லை.

மறுநாள் விடிந்ததும் தனியாகப் போனேன். கரையோரமாக ஒரு தாழ்ந்த கிளையில் ஒரு நாரைக்குஞ்சு மட்டும் உயிரோடு இருந்தது. என்னைக் கண்டதும் வாயைப் பிளந்து கழுத்தை ஆட்டிக் கத்தியது. இரை கேட்டது. இரண்டு நாள் அது அப்படிக் கத்துவதைப் பள்ளிக்குப் போகும் வழியில் கேட்டேன். மூன்றாம் நாள் வேறு வழியாகப் பள்ளிக்குப் போனேன். வகுப்பில் பிள்ளைகள் சேர்ந்து வாய்ப்பாடு சொல்லும்போது, இடையில் அவர்கள் மூச்சு வாங்கும் அந்தச் சிறு அமைதியில், ஓய்வு பெறும் நாள்வரை அந்தக் குரல் எனக்குக் கேட்டது. இப்போது வகுப்பு இல்லை. ஆனாலும் கேட்கிறது.

ஊர் கூடிக் கேட்டபோது நான் என்ன சொன்னேன் என்று உனக்குத் தெரியும். "பனந்தோப்புக்கு அந்தாண்ட போயி வெடின்னு குடுத்தேன். புள்ள வெளயாட்டா இங்கியே வெச்சிட்டுது." நீ என்னை நிமிர்ந்து பார்த்தாய். ஏரிக்கரை அம்மன் கோயிலில் தலையில் தண்ணீர் ஊற்றி, ஈரத்துணியோடு ஊர் முன்னால் உன்னை விழுந்து கும்பிட வைத்தார்கள். அம்மை இறங்கி மாதக்கணக்கில் ஆகியும் முழுசாகத் தேறாத உடம்பு. உனக்குக் காய்ச்சல் வந்தது. "நீதான நைனா கலங்கலாண்ட வெக்கச் சொன்ன?" என்று கஞ்சி குடிக்கும்போது கேட்டாய். "இல்லம்மா, பனந்தோப்புன்னு சொன்னேன். நீ சரியா கேக்கல" என்றேன். மறுநாளும் கேட்டாய். மறுநாளும் அதையே சொன்னேன். ஒரு பாடத்தைப் பிள்ளை மனத்தில் நிறுத்த எத்தனை முறை சொல்ல வேண்டும், எந்தக் குரலில் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியும். அதுதானே என் தொழில். பத்து நாளில் நீயே, "நான்தான் சரியா கேக்கல" என்று சொல்லத் தொடங்கினாய். என் வாழ்நாளில் நான் மிகத் திறமையாக நடத்திய பாடம் அதுதான் கோமளா. அது பொய்.

அதன்பின் வாய்க்காலுக்குப் போனால் பெண்கள், "வெடிக்காரி வர்றா, காதப் பொத்திக்கங்கடி" என்றார்கள். நீயும் சேர்ந்து சிரிப்பாய். அடுத்த ஆண்டு கொஞ்சம் நாரைகள் வந்து இரண்டு நாள் மரங்களில் உட்கார்ந்திருந்துவிட்டுப் போயின. பிறகு வரவே இல்லை. வேன்களும் நின்றுவிட்டன, பறவை இல்லாத ஏரியை யார் பார்ப்பார்கள்? ரோடு வெகுநாள் கழித்து, வேறு காரணத்துக்காக வந்தது. இப்போது அதன் வழியாக யூரியா மூட்டை வருகிறது.

ஒரு வெடியால் ஓர் ஏரி காலியாகிவிடுமா என்று நீ கேட்கலாம். நியாயமான கேள்வி. இருபது ஆண்டுகளாக நான் யோசித்ததைச் சொல்கிறேன். ஒரு பானைத் தண்ணீர் கொதிக்கும்போது கடைசியாக வைத்த சுள்ளிதான் கொதிக்க வைத்தது என்று சொல்ல முடியாது. பிஸ்கட், அதற்கு வந்த காக்கை, தண்ணீரில் இறங்கியவர், வேனின் ஹாரன், டீக்கடைப் புகை, எல்லாமே சுள்ளிகள். ஒவ்வொன்றையும் நான்தான் பொறுக்கி வைத்தேன். வந்தவர்கள்மேல் பழி போடுவது சுலபம். அந்தக் கேமராக்காரருக்கு நம் கட்டுப்பாடு தெரியாது, நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வருத்தத்தோடு தலையாட்டிவிட்டுப் போயிருப்பார் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். இல்லாதப்பட்ட வீட்டுக்குப் பெரிய மனிதர் விருந்தாக வந்தால் விதைநெல்லைக் குத்திச் சோறு ஆக்குவார்களே, அந்தப் புத்திதான் என்னுடையது. விருந்தாளி விதைநெல்லைக் கேட்பதில்லை. எது சோற்று நெல், எது விதைநெல் என்று வீட்டுக்காரனுக்குத்தான் தெரியும்.

உன் கடிதம் வந்த பிறகு இந்த வெள்ளிக்கிழமை முனுசாமியிடம் போனேன். இப்போது அவருக்குக் கண் சரியாகத் தெரிவதில்லை. மதகை மகன் பார்த்துக்கொள்கிறான். ஆனாலும் மதகடியில்தான் உட்கார்ந்திருக்கிறார். சுற்றி வளைக்காமல் சொன்னேன்.

"முனுசாமி, அன்னிக்கு வெடி வெக்கச் சொன்னது நான்தான். பொண்ணு இல்ல."

"தெரியுமே" என்றார்.

பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"நீ கரை மேல நின்னுக்கினு கை காட்டுன. நான் இதே எடத்துலதான இருந்தேன், பாத்துக்கினுதான் இருந்தேன். அப்ப கண்ணு நல்லா தெரியும் வாத்தியாரே."

"அப்பவே ஏன் ஊர்ல சொல்லல?"

"சொன்னா இன்னா ஆவும்? மனு எழுதிப் போட்டு உன்ன மாத்திடுவாங்கோ. உனுக்கு முன்னாடி வந்தவனுங்க இந்தச் சேத்துல ரெண்டு மாசம் நிக்கல. எம்பசங்க படிக்க வேணாவா? பாப்பா பொட்டப்புள்ள. என்னிக்கினாலும் கட்டிக்கினு வேற ஊருக்குப் பூடும். பேரு கெட்டா இந்த ஊர்லதான கெடும், போற எடத்துல யாருக்குத் தெரியும்னு வுட்டுட்டேன்."

மதகுக் கல்லைத் தடவியபடி, "தப்புதான். புள்ளைக்கு லெட்டர் போட்டா என்னியும் ஒரு வார்த்த சேத்து எழுது" என்றார். எழுதிவிட்டேன். பார், ஒன்பது வயதுப் பெண்ணின் பெயரை, ஊருக்கு வாத்தியார் வேண்டும் என்பதற்காக இரண்டு பெரியவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லாமலே செலவழித்திருக்கிறோம்.

அன்று சாயங்காலமே அம்மன் கோயிலில் கூட்டம் இருந்தபோது எல்லோர் முன்னாலும் சொன்னேன். வயதானவர்கள் தலை குனிந்துகொண்டார்கள். ஓர் அம்மாள், "அந்தப் புள்ளைய ஈரத்துணியோட வுழ வெச்சமே" என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். திட்டுவார்கள் என்று போனேன், யாரும் திட்டவில்லை. பின்னால் நின்ற ஒரு இளைஞன், கேலியாக அல்ல, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டான்: "இந்த ஏரில பறவ இருந்துச்சா சார்?" எந்தத் திட்டும் அதைப்போல என்னைச் சுட்டிருக்காது. உன் அம்மாவுக்கு அதற்கு முந்தின நாளே சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து என்னோடு பேசவில்லை. சோறு போடுகிறாள், தாள்களை வாங்கிப் படிக்கிறாள், பெட்டியில் வைக்கிறாள்.

இனி அந்த வேலை. கல்வெட்டுச் சொல்படி ஏரி வாரியத்துக்கு ஆகாதவன் நான். தவறியவனுடைய உறவினரும் கூடாது என்று அதில் ஓர் இடம் வருகிறது. அந்த ஓர் இடத்தில் மட்டும் நான் கல்லோடு உடன்படவில்லை. ஏற்றுக்கொள் என்று உன்னைக் கட்டாயப்படுத்தும் தகுதி எனக்கு இல்லை. ஏற்றுக்கொண்டால் சிலவற்றைச் செய். விடுதிக்கு இடம் பார்ப்பதற்கு முன்னால் அந்த ஊர் நீர்க்கட்டியைப் போய்ப் பார். அங்கே அவருக்கு வேறு பெயர் இருக்கும். எந்த மாதத்தில் அவர்கள் எதைச் செய்ய மாட்டார்கள் என்று கேள். அதைக் கேட்டபடியே எழுதிக்கொண்டுவந்து அலுவலகத்தில் முதல் தாளாக வை. கூடு கட்டும் மாதங்களில் படகு வேண்டாம். வருகிறவர்களை எட்ட நின்று பார்க்கச் சொல். கோபிப்பவர்கள் கோபிக்கட்டும், பெரும்பாலும் கோபிக்க மாட்டார்கள். பயணிகள் வருவதால் அந்த ஊருக்கு நல்லது நடக்கலாம். முதல் ஞாயிறு செருப்பைக் கையில் பிடித்து நின்ற ஆறு பேரை நான் மறக்கவில்லை. ஆனால் உன் மேலதிகாரி என்றாவது ஒரு நாள், பெரிய இடத்து விருந்தினருக்காக, இந்த ஒரு முறை மட்டும் என்று சொல்வார். எனக்குச் சொல்லத் தெரியாமல் போனதை நீ அப்போது சொல்ல வேண்டும். மறுத்துவிடுவது என்று முடிவு செய்தாலும் சரி. அதற்குச் சொந்தமாக ஒரு காரணம் தேடிக்கொள். என் குற்றத்தை உன் காரணமாக எழுதிக் கொடுக்காதே.

இதோடு ஒரு படத்தை வைத்திருக்கிறேன். அந்தக் கேமராக்காரர் அடுத்த ஆண்டே நன்றி எழுதி அனுப்பியது. டிரங்குப் பெட்டியின் அடியில் காகிதத்துக்குக் கீழே இத்தனை ஆண்டுகள் வைத்திருந்தேன், யாருக்கும் காட்டியதில்லை. வானம் முழுக்கப் பறவைகள். அழகான படம்தான், அதை மறுக்க முடியவில்லை. கீழே வலது ஓரத்தில், கலங்கல் பக்கம், பாவாடை கட்டிய ஒரு சின்ன உருவம் காதைப் பொத்திக்கொண்டு நிற்கிறது. நான் என்ன சொன்னேன், நீ என்ன கேட்டாய் என்று இனியும் உனக்குச் சந்தேகம் வந்தால் அதைப் பார். அத்தனை பறவைகள் எழும்பும்போதும் அந்தக் குழந்தை வானத்தைப் பார்க்கவில்லை. சொன்னபடி சரியாகச் செய்தேனா என்று, நான் நிற்கும் பக்கம் பார்க்கிறது.

உன் நைனா